பதின்மூன்றில் வராத பெட்டிகள்

மாண்புமிகு ஒன்றியத் துறைமுகங்கள், கப்பல், நீர்வழிப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



2025 மே 25 அன்று எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கேரளக் கடலில் மூழ்கியது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். கடலோரக் காவல்படையும் கடற்படையும் அதிலிருந்த 24 பேரையும் உயிரோடு மீட்டன. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன, அவற்றில் 13-இல் ஆபத்தான சரக்கு என்று அன்றைக்கே அறிவிப்பு வந்தது. பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு. டாங்கிகளில் 84.44 டன் டீசல், 367.1 டன் பர்னஸ் ஆயில். கரையில் ஒதுங்கும் பெட்டியைத் தொடாதீர்கள் என்றார்கள். நாங்களும் கார்பைடுக்கும் எண்ணெய்க்கும் பயந்துகொண்டு கடலைப் பார்த்திருந்தோம்.

வந்தது வேறு. முதலில் திருவனந்தபுரம் கரையில், பிறகு எங்கள் குமரி மாவட்டக் கரையில், வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை. கப்பல்காரர்கள் நர்டில் என்கிறார்கள். வாளி, குடம், பால் கவர் எல்லாம் செய்வதற்கு ஆலைகள் உருக்கும் மூலப்பொருள். துவரம்பருப்பைவிடச் சிறியது. அறிவிக்கப்பட்ட அந்தப் பதின்மூன்று பெட்டிகளில் இது இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த மடல்.

இது ஏன் இல்லை என்று தேடிப் பார்த்தேன். கப்பலில் போகும் ஆபத்தான சரக்குகளுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. வெடிபொருள், வாயு, எரியும் திரவம், நஞ்சு என்று 9 வகுப்புகள். அதில் ஒன்றில் வந்துவிட்டால் பொதிவதற்கு விதி, அடையாளம் ஒட்டுவதற்கு விதி, கப்பலில் எங்கே அடுக்கியிருக்கிறது என்று தனிப் பட்டியலோ வரைபடமோ வைத்திருக்கவும் விதி. சாதாரணப் பிளாஸ்டிக் குருணை எந்த வகுப்பிலும் வராது. வெடிக்காது, தொட்டால் கை வேகாது. ஆகவே மரக்கட்டை போல அதுவும் ஒரு சரக்கு.

கடலுக்கு அது அப்படியல்ல, ஐயா. பாலிஎத்திலீன் குருணை தண்ணீரில் மிதக்கும். மக்காது. டி.டி.டி. போன்ற நஞ்சுகள் கடல்நீரில் எங்கெங்கோ கலந்து கிடப்பதைத் தன் மேல் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மீன் முட்டைக்கும் அதற்கும் மீனாலோ பறவையாலோ வித்தியாசம் காண முடியாது. எண்ணெய் கசிந்தால் மிதவைத் தடுப்பு போட்டு ஓரளவாவது வளைக்கலாம். இதை வளைப்பதற்குள் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கொண்டுபோய்விடும். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்குக் கடலின் நீவாடு தெற்கே ஓடிக் குமரி முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரியும். குருணையும் அந்த வழியில்தான் போயிருக்கிறது. குமரியைத் தாண்டி ராமேஸ்வரம் பக்கம் வரை கண்டெடுத்திருக்கிறார்கள். அது மன்னார் வளைகுடா. 21 தீவுகள், பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா என்னும் கடற்பசு. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அரசே வேலியிட்ட இடம்.

இதை அள்ளுவது எப்படி என்று பார்த்திருக்கிறீர்களா? துடைப்பம், சல்லடை, வாளி. அவ்வளவுதான் கருவி. காய்ந்த மணலென்றால் சல்லடையில் இறங்கும். குருணை மேலே நிற்கும். குருணை வந்தது மழைக்காலத்தில். ஈர மணல் கட்டியாகச் சல்லடையிலேயே உட்கார்ந்துகொள்ளும். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு பாகம் சுத்தம் செய்து நிமிர்ந்தால் அடுத்த அலை இன்னொரு வரி எழுதிவிட்டுப் போகும். பொறுக்கத் தப்பியது மணலுக்குள் புதையும். அடுத்த கடலரிப்பில் மேலே வரும்.

விசைப்படகுகள் மீன்பிடித் தடையில் கட்டிக்கிடக்கும் மாதங்களும் அவைதான். வள்ளக்காரரும் கட்டுமரக்காரரும் நாலு காசு பார்க்கும் காலம். அந்த நேரத்தில் சாளையும் நெத்திலியும் தின்னலாமா என்று ஊரெல்லாம் பேச்சு. கேரள அரசு 4 மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் அறிவித்தது. அந்த உதவிக்கு மாநில எல்லை உண்டு; கடலிலும் எல்லைக்கல் நட்டிருந்தால் குருணையும் அங்கேயே நின்றிருக்கும்.

இது எதிர்பாராதது என்று யாரும் சொல்ல முடியாது. எல்சா 3 மூழ்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2021 மே மாதம், கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தது. கசிந்துகொண்டிருந்த நைட்ரிக் அமிலப் பெட்டியை இறக்க நம் ஹசீரா துறைமுகத்திலும் கேட்டுப் பார்த்து, முடியாமல் கொழும்புக்குப் போன கப்பல் அது. அதிலிருந்து கொட்டிய குருணை ஏறக்குறைய 1,680 டன். நீர்கொழும்புக் கரை உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. ஆமைகளும் டால்பின்களும் செத்து ஒதுங்கின. 2025 ஜூலையில் கப்பல் தரப்பு 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கே நான்கு ஆண்டு. இலங்கை அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. கப்பல் எரிந்த ஆண்டிலேயே சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் போய், இந்தக் குருணையை ஆபத்தான சரக்கில் சேருங்கள் என்று கேட்டது. 2024-இல் கிடைத்தது பரிந்துரை மட்டும்: உறுதியான பொதி, சரக்கு என்ன என்பதைத் தெளிவாகக் குறித்தல், முடிந்தவரை கீழ்த்தளத்தில் அடுக்குதல். மூன்றும் நல்ல யோசனைகள். மூன்றும் விருப்பம் இருந்தால் மட்டும்.

அந்த அமைப்பின் குழுவில் இந்தியாவுக்கு இடம் இருக்கிறது. அங்கே இலங்கையின் கோரிக்கையை நம் கோரிக்கையாகவும் எடுத்துப் பேசுங்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடல், ஒரே குருணை. லண்டனிலுள்ள அந்த அமைப்பில் முடிவாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த மூன்று பரிந்துரைகளையும் இந்தியத் துறைமுகங்களில் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு குருணைப் பெட்டிக்கும் கட்டாயமாக்கி ஆணையிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் குருணை சிதறாமலிருக்க 2025-இல் தனிச் சட்டமே இயற்றிவிட்டது. நம் கரை அவர்கள் கரையைவிடக் குறைந்ததல்ல.

இன்னொன்று, இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். எல்சா 3 விபத்தில் சரக்கு விவரத்தைப் பொதுவெளியில் வைக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. அடுத்த முறை கப்பல் சாய்ந்த அன்றே முழுப் பட்டியலும் தமிழிலும் மலையாளத்திலும் கடற்கரைக்கு வரட்டும். மீன் ஏலக்கூடத்தில் ஒட்டுங்கள், கோயில் ஒலிபெருக்கியில் படிக்கச் சொல்லுங்கள். குருணை எத்தனை பெட்டி என்று முதல் நாளே தெரிந்தால், மணல் காய்ந்திருக்கும் இடத்தில் அலை ஏறுமுன் வலை விரித்தாவது தடுத்துப் பார்க்கும் ஆட்கள் இந்தக் கரையில் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள்.

பணிவுடன்,
குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து
ஒரு பள்ளி ஆசிரியை