பெரியப்பா வீட்டு டேனியல் படம்

போன மாதம் பெரியப்பா வீட்டைக் காலி செய்ய மயிலாப்பூர் போயிருந்தேன். பாத்திரம் பண்டமெல்லாம் சுமுகமாகப் பிரிந்துவிட்டது. சண்டை வந்தது கூடத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த ஒரு படத்துக்குத்தான். கடற்கரை, அலை, படகுகள், பின்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. "டேனியல் வரைஞ்சதுடா, லட்சக்கணக்குல போகும்" என்று பெரியப்பா சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார். அண்ணாவும் அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, "பெங்களூர்ல காட்டிட்டு வரேன்" என்று நான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வேலியில் போன ஓணான் கதை.

இங்கே கேட்டவர்கள் எல்லோரும் முதலில் விலைதான் சொன்னார்கள். ஒரு கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றாமலே ஒரு தொகை சொன்னார். ஆபீஸ் நண்பர் லண்டன் ஏல விலையைக் காட்டினார். என்ன படம் என்றே தெரியாமல் என்ன விலை, சார்?

தாமஸ் டேனியலும் அவர் சகோதரன் மகன் வில்லியமும் 1792ல் சென்னைக்கு வந்தவர்கள். பெங்களூர்ப் பக்கமும் சுற்றியிருக்கிறார்கள். அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளியானது. மொத்தம் 144 படங்கள். கோட்டைப் படம் 1797ல் வந்தது. எல்லாம் அக்வாடின்ட். அதாவது செப்புத் தகட்டில் பிசின் தூளை ஒட்டவைத்து, அமிலத்தில் அரித்து, மை பூசி, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுப்பது. வண்ணம் கையால் தீட்டியது.

அதனால் அசலைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஓரம் வெட்டப்படாமல் இருந்தால், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலில் தட்டுப்படும். லூப்பில் பார்த்தால் காய்ந்த ஏரி வெடிப்பு மாதிரி ஒழுங்கில்லாத வலை தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது ஆஃப்செட் நகல். ஃபிரேமின் வயசு எதையும் நிரூபிக்காது.

அசலே ஆனாலும், ஓரம் வெட்டியிருந்தால், அட்டையில் ஒட்டியிருந்தால், வெயிலில் வெளுத்திருந்தால் விலை இறங்கும். லண்டன் விலையும் இங்கே செல்லாது. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்கிறது 1972ஆம் வருஷத்துச் சட்டம். வாங்குகிறவர் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒரு லூப் வாங்கினேன். ஃபிரேம் கடையில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், புள்ளி, புள்ளி, புள்ளி. பள்ளமும் இல்லை.

அண்ணாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பெங்களூர்ல யார் கையில குடுத்தே? மாத்தியிருக்க மாட்டாங்களே?" என்றார். 'யார்' என்று அவர் கேட்டது யாரை என்று எனக்குப் புரிந்தது.

ஆகவே மக்களே, பங்கு பிரிக்கும் வீட்டில் படம் இருந்தால் விலை கேட்டு வெளியே தூக்கிப் போகாதீர்கள். கூடத்திலேயே, எல்லோர் கண் முன்னாலும் கழற்றி, லூப்பை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொங்கலுக்குப் படத்தோடு லூப்பையும் எடுத்துக்கொண்டுதான் ஊருக்குப் போகிறேன். அண்ணா பார்ப்பாரா, தெரியாது :-(