பயிருக்குக் காப்பீடு உண்டு, வீட்டுக்கு எப்போது?

மாண்புமிகு தமிழ்நாடு நிதியமைச்சர் அவர்களுக்கு,

2024 அக்டோபர் 25 பிற்பகல், மதுரையில் கால் மணி நேரத்துக்குள் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர் கண்மாய் நிறைந்தது, பந்தல்குடி கால்வாய் தாங்கவில்லை. வைகையின் வடகரையில் தெருத்தெருவாக வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாயிலிருந்து வைகைக்குச் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. தேவையான வேலைதான். ஆனால் ஊறிப்போன கட்டிலுக்கும் பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் யார் பொறுப்பு?

பேரிடர் நிவாரண நிதியின் 2022 விதிமுறைப்படி, ஓரளவு சேதமடைந்த கல்வீட்டுக்கு 6,500 ரூபாய். துணிமணி போனால் 2,500, பாத்திரபண்டம் போனால் இன்னொரு 2,500. இன்றைய விலைவாசியில் நனைந்த சாமான்களைத் திரும்ப வாங்க இது போதாது. அதுவும் அரசு மனம் வைத்தால் வருகிற உதவி. கேட்டு வாங்கும் உரிமை அல்ல.

'கண்மாயில் ஏன் வீடு கட்டினீர்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. மாநகராட்சி அலுவலகம் நிற்பது தல்லாகுளம் கண்மாயில். உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரி கண்மாயில். மின் இணைப்புக் கொடுத்து, அரையாண்டுக்கு ஒருமுறை வீட்டு வரியும் வாங்கிக்கொண்ட பிறகு, பழியைக் குடியிருப்பவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

வீட்டுக்குக் காப்பீடே இல்லாமல் இல்லை. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை விற்கின்றன. வெள்ளம், புயல், தீ, நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்துக்குப் போடும் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனாலும் எங்கள் தெருக்களில் இதை எடுத்தவர்களைப் பார்ப்பது அரிது. பிரீமியம் சிறியது, கமிஷனும் சிறியது. ஏஜெண்ட் எதற்கு வருவார்? அந்தச் சிறிய தொகைக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி நீங்கியது; வீட்டுக்கு நீங்கவில்லை. ஜி.எஸ்.டி. மன்றத்தில் அமர்பவர் நீங்கள். அங்கே இதைக் கேளுங்கள்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் போடும் விவசாயி பயிர்க் காப்பீட்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் கட்டுகிறார். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. வெள்ளம் வந்தால் வயலுக்கு இழப்பீடு கிடைக்கும், அவர் வீட்டுக்குக் கிடைக்காது. ஏழைகளுக்காக அரசே பிரீமியம் கட்டும் வழியையும் தமிழ்நாடு நன்றாக அறியும்; 2009-ல் தொடங்கிய மருத்துவக் காப்பீடு அப்படித்தான் நடக்கிறது. அதே போல, குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக் காப்பீட்டு பிரீமியத்தை அரசே கட்டட்டும். மற்றவர்களிடம் வீட்டு வரியோடு சேர்த்து வாங்கலாம். பட்டா கேட்டால் புறம்போக்கில் இருப்பவர்கள், அதாவது முதலில் நனைபவர்கள், வெளியே நின்றுவிடுவார்கள். குடும்ப அட்டை போதும் என்று வையுங்கள்.

பள்ளத்தில் இருப்பவரிடம் கூடுதல் பிரீமியம் வாங்கக் கூடாது. பிரிட்டனில் 2016 முதல் எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒரு தீர்வை வாங்கி, வெள்ளப் பகுதி வீடுகளின் பிரீமியத்தைத் தாங்குகிறார்கள். இங்கேயும் மேட்டுத் தெருவும் பள்ளத்தெருவும் ஒரே நிதியில் சேரலாம்.

பணம் சீக்கிரம் வரவேண்டும். நாகாலாந்து அரசு, மழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே தொகை கிடைக்கும் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மதுரைக்கு அதைக் கொண்டுவந்தால், ஊருக்குத் தெற்கே விமான நிலையத்தில் பதிவாகும் மழையை வைத்துச் செல்லூருக்குக் கணக்குப் போடாதீர்கள். அங்கே தூறலும் இங்கே வெள்ளமும் ஒரே நாளில் நடக்கும். செல்லூர், வண்டியூர் கண்மாய்களில் நீர்மட்ட அளவுகோல் வைத்து அதையும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. செல்லூர் நெசவுக்குப் பேர்போன ஊர். வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும். தறி தொழில் சாதனம் என்பதால் வீட்டுச் சாமான் கணக்கில் வராது. தறி நனைந்தால் அந்த மாத வருமானமும் நின்றுபோகும். புதிய திட்டத்தில் வீட்டுத் தறியின் பெயரைத் தனியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கையில் செல்லூர்ப் பகுதி வார்டுகளிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
வைகை வடகரையில் குடியிருப்பவன்