டிஷ் வாங்குவது கடையிலா, கம்பெனியிலா?

நண்பர்களே, இந்த முறை உலக அரசியல், சினிமா எல்லாம் வேண்டாம். கொஞ்சம் வீட்டுச் சமாச்சாரம் பேசலாம்.

"இந்தக் காலத்தில் யாருப்பா டிஷ் வாங்குறாங்க, எல்லாமே போனில்தானே" என்று வகுப்பில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். ஓரளவு உண்மைதான். டிராய் கணக்குப்படி 2020 கடைசியில் நாட்டில் சுமார் 7 கோடி டி.டி.எச். இணைப்புகள் இருந்தன. 2025 மார்ச்சில் அது 6 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. குறைகிறது, ஆனால் தீர்ந்துவிடவில்லை. நீங்கள் டி.வி. பார்ப்பதில்லை, சரி. உங்கள் அம்மா பார்க்கிறார், தாத்தா பார்க்கிறார். அவர்களுக்காக இந்தக் கட்டுரை.

எங்கள் ஃபேர்லேண்ட்ஸில் இது பெரிய விஷயம். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. மகன் அங்கிருந்தபடியே கம்பெனி இணையதளத்தில் ஆர்டர் போடுகிறார். அப்பாவோ "நாலு ரோட்டுக் கடையில் சொன்னால் சாயங்காலமே வந்து மாட்டிவிடுவான்" என்கிறார். யார் சொல்வது சரி? என் கட்சி பெரும்பாலும் அப்பா பக்கம்தான். ஆனால் சில நிபந்தனைகளோடு.

முதலில் மகன் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். கம்பெனியிடம் நேரடியாக வாங்கினால் விலை எழுத்தில் இருக்கும். எந்த பேக், எத்தனை சேனல், பெட்டி சொந்தமா வாடகையா என்பதெல்லாம் திரையில் தெரியும். பணம் கட்டியதற்கு ரசீது வரும். கடைக்காரர் தனக்குக் கமிஷன் அதிகம் கிடைக்கிற பேக்கை நம் தலையில் கட்டுவார் என்ற பயம் இல்லை. இதெல்லாம் சின்ன விஷயம் அல்ல.

ஆனால் "நேரடி" என்பது எவ்வளவு தூரம் நேரடி? ஆர்டர் போட்ட மறுநாள் வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் கம்பெனியின் சம்பள ஆள் கிடையாது. கம்பெனி அந்த ஊரில் வேலையை ஒப்படைத்திருக்கும் ஏஜென்சியின் பையன். பல சமயம் அதே நாலு ரோடு, அஞ்சு ரோடு, சொர்ணபுரிப் பக்கத்துக் கடைகளுக்கு வேலை செய்கிறவராகவே இருப்பார். ஏணி அதே ஏணி, ஸ்பேனர் அதே ஸ்பேனர். வித்தியாசம் ஒன்றுதான். கடை மூலமாக வந்தால் அவர் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைக்காரர் தினமும் அந்தத் தெருவில் நம் முகத்தில் விழிக்க வேண்டும். கம்பெனி மூலமாக வந்தால் அவருக்கு நாம் ஒரு புகார் எண். "வேலை முடிந்தது" என்று போனில் தட்டிவிட்டால் அவர் கணக்கு முடிந்துவிடும்.

டிஷ் என்பது டி.வி. மாதிரி வாங்கி வைத்துவிட்டு மறக்கிற பொருள் அல்ல. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற ஒரு செயற்கைக்கோளைப் பார்த்தபடி மொட்டை மாடியில் வெயிலிலும் காற்றிலும் நிற்கிற பொருள். சேலத்திலிருந்து கிழக்கு 93.5 டிகிரி நிலையில் இருக்கிற செயற்கைக்கோளைப் பிடிக்க, தென்கிழக்கே திரும்பி, ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் வானத்தில் இடம் வேறு. அதனால் கம்பெனியை மாற்றினால் டிஷ்ஷையும் திருப்பியாக வேண்டும். இரண்டு டிகிரி விலகினாலே படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது சிக்னலே போய்விடும். பெரிய மழையில் சிக்னல் போய்த் திரும்பி வருவது வேறு. அது கேயூ பேண்ட் அலைவரிசையின் குணம், யாராலும் தடுக்க முடியாது. ஆனால் மழை விட்ட பிறகும் படம் வரவில்லை என்றால் யாராவது மாடி ஏறித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 2010 ஜூலையில் நடந்தது. 2007 டிசம்பரில் தொடங்கிய சன் டைரக்ட், இன்சாட் 4பி செயற்கைக்கோளை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. அதில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை இஸ்ரோ நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் மலேசியாவின் மீசாட் 3 செயற்கைக்கோளுக்கு மாறியது. இன்சாட் 4பி இருந்தது 93.5 டிகிரியில், மீசாட் 3 இருந்தது 91.5 டிகிரியில். வித்தியாசம் இரண்டே டிகிரிதான். ஆனால் அந்த இரண்டு டிகிரிக்காக வீட்டுக்கு வீடு டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. மாற்று செயற்கைக்கோளைப் பிடித்தது கம்பெனி. அதைக் கடையால் செய்ய முடியாது. ஆனால் மாடி ஏறித் திருப்ப ஊரில் ஓர் ஆள் வேண்டும். கஸ்டமர் கேர் நம்பரால் ஏணி ஏற முடியாது. இந்த வியாபாரத்தில் யாருக்கு என்ன வேலை என்பது இதிலேயே தெரிகிறது.

அதற்காகக் கடைக்காரர்கள் எல்லோரும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் நடந்தது. இணைப்பு கொடுத்தபோது கடைக்காரர் "ஓ.டி.பி. தொல்லை உங்களுக்கு எதுக்குங்க, நானே பார்த்துக்கறேன்" என்று தன் மொபைல் எண்ணையே பதிவு செய்துவிட்டார். இரண்டு வருடம் பிரச்சினை இல்லை. பிறகு கடையை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். பேக் மாற்றவும் வழியில்லை, புகார் கொடுக்கவும் வழியில்லை; எதற்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே போனது. கையில் பில்லும் கிடையாது. சொந்தக் காசில் வாங்கிய பெட்டி அவர்களுடையதுதான் என்று நிரூபிக்கவே ஒரு மாதம் அலைந்தார்கள்.

கடை மூடினால் இந்தக் கதி என்றால், கம்பெனி மட்டும் நிரந்தரமா? 2008ல் ஆர்ப்பாட்டமாக வந்த ரிலையன்ஸ் பிக் டி.வி. இன்று இல்லை. வீடியோகான் டி2எச் 2018ல் டிஷ் டி.வி.யோடு இணைந்துவிட்டது. ஒரு கம்பெனியின் பெட்டி நடைமுறையில் இன்னொரு கம்பெனிக்கு உதவாது. அதனால் யாரிடம் வாங்கினாலும் காகிதம் முக்கியம்.

காசு விஷயத்திலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2017ல் டிராய் கொண்டுவந்த விதிகளில் மாட்டுக்கூலி 350 ரூபாய்க்கு மேல் கூடாது, ஆக்டிவேஷன் 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்று வரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்புகளை எடுத்துவிட்டார்கள். கட்டணத்தை கம்பெனியே முடிவு செய்யலாம், ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் கம்பெனியின் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டுப் போவது நம் வேலை.

நேரடியாக வாங்குபவர்களுக்கும் ஒரு குழி இருக்கிறது. கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடினால் போலி எண்களும் வரும். அங்கே பேசுகிற ஆள் கனிவாகப் பேசி, ஒரு செயலியை இறக்கச் சொல்லி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார். தனியாக இருக்கிற பெரியவர்கள்தான் இதில் அதிகம் சிக்கக்கூடியவர்கள். எண்ணைப் பெட்டியிலோ பில்லிலோ இருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

ஆக, என் யோசனை இதுதான்.

1. விலையையும் பேக்கையும் கம்பெனி தளத்தில் பாருங்கள். பெட்டியைப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள்.

2. பெட்டியின் எண்ணோடு பில் வாங்குங்கள். பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

3. பதிவு எண் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். கடைக்காரருடையது கூடவே கூடாது. அமெரிக்காவில் இருக்கிற மகனுடையதும் வேண்டாம்; அவர் அங்கே தூங்குகிற நேரத்தில்தான் இங்கே ஓ.டி.பி. வரும் :-)

4. ஆள் வந்து மாடி ஏறினால் நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

நாலாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் மாதா மாதம் கடையில்தான் ரீசார்ஜ் செய்வோம். அதில் கடைக்காரருக்குச் சிறிது லாபம் கிடைக்கும். அந்த லாபத்தில்தான் "பையனை அனுப்பறேங்க" என்று இலவசமாக அனுப்பினார். இப்போது ரீசார்ஜை எல்லாம் போனில் செய்துவிடுகிறோம். தப்பில்லை. ஆனால் அந்த வருமானத்தை எடுத்துவிட்டு, மழைக்கு மறுநாள் மட்டும் கடைக்காரர் ஓடி வரவேண்டும், கூலி கேட்டால் கொள்ளை என்று சொல்வது என்ன நியாயம்? நாம் இப்படியே இருந்தால் கொஞ்ச நாளில் அந்தக் கடையில் மொபைல் கவர் மட்டும்தான் தொங்கும். அப்போது மாடி ஏற ஆள் தேடி அதே கஸ்டமர் கேரில்தான் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று நிற்க வேண்டும்.

நமக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். எழுபது வயதில் தனியாக இருப்பவருக்கு அந்த டி.வி.தான் வீட்டில் கேட்கிற ஒரே பேச்சுச் சத்தம். அது ஒரு வாரம் நின்றுபோகக்கூடாது. யாரிடம் வாங்குவது என்று முடிவெடுக்கும்போது 100 ரூபாய் தள்ளுபடியோடு இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.