வெயிலுக்கு இன்னொரு வேலை

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி செல்லும் வழியில் உள்ளது காடாம்புலியூர். முந்திரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூர்ப் பகுதியில் கொட்டைகளை உலர்த்தித் தருவது வெயில். அது கூலி கேட்பதில்லை. அதே வெயிலுக்கு, நீரில் கரைந்த மருந்தைச் சிதைக்கும் வேலையையும் தரலாம் என்கிறது வேதியியல்.

உண்ணும் மாத்திரை முழுவதும் உடலில் செலவாவதில்லை. ஒரு பகுதி கழிவோடு வெளியேறி நீர்நிலைகளைச் சேர்கிறது. மருந்து ஆலைகளின் கழிவுநீரிலோ நிலைமை இன்னும் கடுமையானது. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த பொது நிலையம் ஒன்றின் நீரைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து, 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் அதில் இருந்தது. அம்மருந்தை உண்ட நோயாளியின் குருதியில் காணப்படும் அளவையும் விஞ்சியது அது. அதுவும், சுத்திகரிப்பு முடிந்து வெளிவந்த நீரில்! நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் செரிக்கச் செய்யும் நிலையம், நுண்ணுயிரிகளைக் கொல்வதற்கென்றே ஆக்கப்பட்ட மருந்தை எவ்வாறு செரிக்கும்? தப்பிப் பிழைக்கும் கிருமிகளோ அம்மருந்துக்கு அஞ்சாத வலிமை பெறுகின்றன.

இங்குதான் ஒளிவினையூக்கி துணைக்கு வருகிறது. டைட்டானியம் டைஆக்சைடின் மீது ஒளி பட்டால் நீர் பிளவுறும் என்பதை ஜப்பானியரான பியூஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் உலகறியச் செய்தனர். சுவர்ப் பூச்சுக்கு வெண்மை தரும் எளிய பொருள்தான் அது. புறஊதாக் கதிர் படும்போது அதன் எலக்ட்ரான்கள் கிளர்ந்தெழுகின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்குகின்றன. எதிர்ப்படும் மருந்து மூலக்கூற்றை இவை துண்டுதுண்டாக உடைக்கின்றன. வினை நிறைவுற்றால் எஞ்சுவன பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடும் நீரும் சில உப்புகளுமே.

குறைகளும் உண்டு. சூரிய ஒளியில் புறஊதாப் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். கலங்கிய நீருக்குள் ஒளி புகாது. வினை பாதியில் நின்றால், உடைந்த துண்டுகளே நஞ்சாகவும் கூடும். ஆதலால் ஆற்றில் தூவித் தூய்மை காணும் கனவு வீண். தெளியவைத்த கழிவுநீர் வெளியேறும் ஆலை வாயிலும் மருத்துவமனை வாயிலுமே இதற்குரிய இடங்கள்.

ஆனால், கட்டாயமின்றி எந்த ஆலை இச்செலவை ஏற்கும்? கழிவுநீரில் உயிர் எதிர்ப்பு மருந்துகள் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு நடுவண் அரசு 2020 சனவரியில் வரைவு வரம்புகளை வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி விதிகளில் அவை இடம்பெறவில்லை. மருந்து ஆலைகளைக் கொண்ட கடலூர் சிப்காட் வளாகமும் காடாம்புலியூர் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் உள்ளது. அங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. விடுபட்ட அந்த வரம்புகளே இன்று வேண்டுவன.