எஃப்-35 வீண் செலவா? பாத்திரம் கழுவுற இடத்துல எழுந்த சண்டைக்கு எங்கள் பதில்



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவும்போது ஒரே வாக்குவாதம். சிங்கப்பூர் வாங்கும் எஃப்-35 போர் விமானத்தைப் பற்றித்தான். "ராடார் கண்ணுக்கே தெரியாதாம், பில்லு மட்டும் நல்லாத் தெரியுது"ன்னு ஒரு அண்ணன் சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். ஆனா ராத்திரி வாட்ஸ்அப் குழுவுல "வீண் செலவு, இருக்கிற எஃப்-16 போதும்"னு வரிசையா வந்ததைப் பார்த்துச் சும்மா இருக்க முடியலை.

எங்கள் தொண்டர்களில் பாதிப் பேர் தொழிற்சாலைக்காரங்க. பழைய மெஷின் "இன்னும் ஓடுதே"ன்னு விட்டு வெச்சா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். ஒருநாள் ஸ்பேர் பார்ட்ஸ் வராது. அன்னிக்குப் போய் புதுசுக்கு ஆர்டர் கொடுத்தா லைன் மாசக்கணக்கில் நிற்கும். இப்ப ஓடுற எஃப்-16சி, டி விமானங்கள் 1998 முதல் வந்தவை. 2030களின் நடுவில் ஓய்வு பெறப் போகின்றன. புது விமானம் கடையில் போய் உடனே வாங்குற சாமான் இல்லை. 2019-ல் அறிவிச்ச முதல் நாலு விமானமே 2026 கடைசியில்தான் வரும் என்பது திட்டம். விமானியும் டெக்னீஷியனும் பழக அதுக்கு மேல் சில வருஷம் வேணும். இப்ப வாங்காம எப்ப வாங்குறது?

"யார் வந்து நம்மளை அடிக்கப் போறான்?"னு ஒரு தம்பி எழுதியிருந்தார். 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் இந்த ஊர் மேல் குண்டு விழுந்துச்சு, தம்பி. அப்பவும் இங்கே விமானம் இல்லாம இல்லை. பஃபலோ என்ற விமானங்கள் இருந்தன. ஜப்பானியரின் ஸீரோவுக்கு முன்னால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியலை. இரண்டே மாசத்தில் ஊர் விழுந்தது. எண்ணிக்கைக்கு விமானம் வெச்சிருந்தா மட்டும் போதாது.

இன்னொன்று, நம்ம இடம். பாய லேபார் விமானத் தளத்தையும் 2030களில் மூடி வீடு கட்டப் போறாங்க. பயிற்சிக்காக லிம் சூ காங் சாலையையே ஓடுபாதையா மாத்தின ஊர் இது. முதலில் வாங்கும் 12 விமானமும் எஃப்-35பி ரகம். குறைந்த தூரத்தில் கிளம்பும், செங்குத்தா இறங்கும். ஓடுபாதையில் குண்டு விழுந்தாலும் மிச்சமிருக்கும் துண்டில் இருந்து எழும்பலாம். அடுத்த எட்டு எஃப்-35ஏ. அது கூடுதல் தூரம் போகும், கூடுதல் பாரம் சுமக்கும். நாலு, எட்டு, எட்டுன்னு பார்த்துப் பார்த்து வாங்குறது எங்களுக்குச் சரியாத்தான் படுது.

அதுக்காக "நாமதான் பெரிய ஆளு"ன்னு படம் போட்டுப் பீத்திக்கிறவங்களோடயும் நாங்க இல்லை. ஒரு விமானம் 9 கோடி முதல் 11.5 கோடி அமெரிக்க டாலர் வரைன்னு 2019-ல் தற்காப்பு அமைச்சர் சொன்னார். ஆனா 12 விமானத்துக்கு எஞ்சின், பயிற்சி, பராமரிப்பு உதவி எல்லாம் சேர்த்து 275 கோடி டாலர் வரை ஆகலாம்னு 2020-ல் அமெரிக்கா மதிப்பிட்டது. வகுத்துப் பாருங்க, ஒண்ணுக்கு ஏறக்குறைய 23 கோடி. மெஷின் விலை வேற, மெஷினை ஓட்டுற விலை வேற. அமெரிக்காவின் சொந்தத் தணிக்கை அலுவலகமே 2023-ல் சொன்னது: அவங்க எஃப்-35-களில் பறக்கத் தயார் நிலையில் இருந்தது 55 விழுக்காடுதான். பழுது பார்க்கக் காத்திருந்த பாகங்கள் 10,000-க்கும் மேல். எங்க ஷிஃப்ட்டில் பாதி மெஷின் நின்னா மேனேஜர் எங்களைச் சும்மா விடுவாரா?

சண்டை போடணும்னா இங்கே போடுங்க. எத்தனை விமானம் வாங்குறோம்னு கேட்டது போதும். 20-ல் எத்தனை காலையில் கிளம்பத் தயாரா நிற்கும், பாகம் எந்த நாட்டிலிருந்து எத்தனை நாளில் வரும்னு கேளுங்க. எண்ணிக்கை ரகசியம்னா நாடாளுமன்றக் குழுவிடமாவது சொல்லட்டும். கேட்டா நாட்டுப்பற்று இல்லைன்னு யாரும் சொல்ல வேணாம். தேசிய சேவையில் நம்ம பிள்ளைங்களும்தான் இருக்காங்க. வரியும் நாமதான் கட்டுறோம்.

குழுவில் கோபமா எழுதின அண்ணனுக்கு ஒரு வார்த்தை: ஞாயிறு காலை அஞ்சு மணிக்குக் காய் வெட்ட ஆள் குறையுது. கத்தி எடுத்துக்கிட்டு வாங்க, பூசணிக்காய் வெட்டிக்கிட்டே மிச்சத்தைப் பேசுவோம்.