எந்த மண்ணில் இழுத்துக் கட்டுவது?

வீட்டை இழுத்துக் கட்டுவது பற்றி ஊரே பேசுகிறது. மாடி எடுக்கிறார்கள், போர்ட்டிகோ இறக்குகிறார்கள், டைல்ஸ் ஒட்டுகிறார்கள். என் அம்மா கேட்டது இதில் எதுவுமில்லை. "கதவு வச்ச ஒரு ரூம்பு போதும்டா தம்பி. தங்கச்சி புள்ளப்பேறுக்கு வந்தா எங்க படுப்பா?" அவ்வளவுதான்.

நாகை மாவட்டக் கடற்கரையில் ஒரு பட்டினம். மழைக்காலத்தில் உப்புத்தண்ணீர் ஏறுகிற பள்ளத்தில் எங்கள் சேரி. பதினைந்துக்குப் பத்தடியில் ஒரு தொகுப்பு வீடு. அம்மா முப்பது வருஷம் சித்தாள். ஊரில் எழும்பி நிற்கிற எத்தனையோ மாடிகளுக்கு மணலும் ஜல்லியும் அவள் தலையில்தான் ஏறின. கடற்காற்று அடிக்கிற கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதி. எங்கள் தளத்தில் அரை அங்குலம்கூட இல்லை. கம்பி துருவேறி ஊதி, காரை பெயர்ந்து சோற்றுச்சட்டியில் விழுகிறது. விதி படித்தவர்கள் கட்டிய வீடு இது. விதி படிக்காத அம்மாதான் அண்ணாந்து பார்த்து, "கவர் விடலடா" என்றாள்.

முறையாகக் கட்டுவோம் என்று அலுவலகம் போனேன். 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட, நாமே சான்றளித்து இணையத்தில் பதிந்தால் உடனே அனுமதி. நல்ல திட்டம்தான். எனக்கு முன்னால் வந்த விடுதிக்காரரை "உக்காருங்க சார்" என்றவர் என்னைப் பார்த்து, "பட்டா கொண்டாந்தியா?" என்றார். அப்பாவுக்கு அரசு நிலம் எடுத்துக் கொடுத்த வீட்டுமனைப் பட்டாவை பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிக் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தாளு இருக்கு. கணக்குல ஏறல. கணக்குல இன்னும் பழைய மிராசு பேருதான் இருக்கு."

நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். மண் மிராசுடையதாம்!

எங்கள் வீடு சிறுத்துப் போனது தற்செயல் அல்ல. கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரே குடிசைக்குள். குடிசை யாருடையதாக இருந்தாலும், அது நிற்கிற மண் மிராசுதாருடையது என்பதுதான் அன்றைய தஞ்சையின் ஒழுங்கு. கூலிக்காரன் எதிர்த்துப் பேசினால் குடியிருப்பை விட்டு விரட்டலாம். குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது 1971இல். சட்டம் வந்தது. நிலமும் எடுத்தார்கள், தாளும் கொடுத்தார்கள். பேரேட்டில் மட்டும் எங்கள் பெயர் ஏறவில்லை. சாதி இன்றைக்குத் தீப்பந்தத்தோடு வரவேண்டியதில்லை. பேரேட்டில் ஒரு வரியை எழுதாமல் விட்டாலே போதும்.

விதியை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்றது. மக்கள் நெருக்கமுள்ள கரைகளில் அதை 50 மீட்டராகச் சுருக்க 2019 அறிவிக்கை வழி செய்தது. கடலோரத்துக் கோட்டையே நகர்த்தத் தெரிந்த அதிகாரத்துக்கு, பேரேட்டில் ஒரு பெயரை மாற்றத் தெரியாதா?

2025 ஏப்ரலில் 'காலனி' என்கிற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். போகட்டும், அது வசவுச் சொல்தான். ஆனால் சொல்லை எடுத்துவிட்டு மண்ணை மிராசு பெயரிலேயே வைத்திருந்தால், எங்களுக்கு மாறியது பெயர்ப்பலகை மட்டும்தான்.

நம் தோழர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. கோயில் நுழைவுக்குக் கூடுகிறோம், கொலைகளுக்குக் கூடுகிறோம், கூடத்தான் வேண்டும். ஆனால் அடுப்படியும் கக்கூசும் கதவும் 'பொம்பளைங்க பிரச்சினை', அரசியல் இல்லை என்று ஒதுக்குகிறோம். ஒரே அறையில் மாமியார், மருமகள், வயசுக்கு வந்த பெண், குடித்துவிட்டு வருகிற ஆண். பெண்கள் உடை மாற்ற இருட்டுகிற வரை காத்திருக்கிறார்கள். இது அரசியல் இல்லையென்றால் எது அரசியல்?

ஒவ்வொரு சேரியிலும் பட்டாத் தாள்களைத் திரட்டுங்கள். எத்தனை கணக்கில் ஏறியிருக்கின்றன என்று எண்ணுங்கள். ஏறாதவற்றைக் கட்டாகக் கட்டி, பெண்களை முன்னே நிறுத்தி, தாலுகா வாசலில் உட்காருங்கள். நிலம் கேட்காமல் 'வீட்டு மேம்பாடு' பேசுகிறவன் சாதியை மூடுகிறான்.

அம்மா காத்திருக்கவில்லை. பின்பக்கம் தகரம் போட்டுச் சாய்ப்பு இறக்கிவிட்டாள். பழைய கதவு ஒன்றையும் வாங்கி மாட்டினாள். நாளைக்கு 'ஆக்கிரமிப்பு' என்று நோட்டீஸ் வரலாம். வரட்டும். யார் மண்ணை யார் ஆக்கிரமித்தது என்பதை அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பேசிக்கொள்வோம்.