மொட்டை மாடி வெயில் யாருக்குச் சொந்தம்?

ஆரப்பாளையம் பஸ் நிலையம். பட்டப்பகல். வெயில் மண்டையைப் பிளக்கிறது. சுற்றிலும் டீக்கடை, ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை. கீழே ஃபேனும் பிரிட்ஜும் ஓடி ஓடி கரண்டு பில் ஏறுகிறது. மேலே மொட்டை மாடி சும்மா காய்கிறது.

"சோலார் போட வேண்டியதுதானே?" என்று கேட்பது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சங்கதி புரியும்.

கடைக்கு நாமம்

வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு 2024 பிப்ரவரியில் ஒரு திட்டம் கொண்டு வந்தது. 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம் ரூபாய் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78 ஆயிரம். நல்ல திட்டம்தான். ஆனால் வீடுகளுக்கு மட்டும்!

வீட்டைவிட அதிக ரேட்டில் பில் கட்டுகிறவர் கடைக்காரர். அவருக்கு மானியம் ஒரு பைசா கிடையாது. வீடுகளுக்கோ மாநில அரசு 2016-லேயே 100 யூனிட்டை இலவசமாக்கியது. பில்லே சின்னதாக வரும் வீட்டுக்காரர் கடன் வாங்கி சோலார் போட என்ன அவசரம்?

தேவை உள்ளவருக்கு உதவி இல்லை. உதவி உள்ளவருக்குத் தேவை இல்லை!

மீட்டரிலும் ஓரவஞ்சனை

அதோடு போச்சா? 2021-ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. வீட்டு சோலார் வெளியே அனுப்பும் யூனிட்டை, வாங்கிய யூனிட்டில் அப்படியே கழித்துக்கொள்ளலாம். கடைக்கு அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும்போது வெளியே போகும் கரண்டுக்குக் குறைந்த விலை. ராத்திரி விளக்கு போட வாங்கும் கரண்டுக்கு முழு விலை.

சிறு தொழிற்கூடங்களுக்கு 'நெட்வொர்க் கட்டணம்' வேறு. சொந்த மாடியில், சொந்தப் பணத்தில் எடுத்த கரண்டுக்கும் கட்டணமா என்று அவர்கள் கொதித்த பிறகே, 2023-ல் அதைப் பாதியாகக் குறைத்தது அரசு.

கமுதியைப் பாருங்கள்

மதுரைக்குத் தெற்கே கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. 2015-ல் ஒப்பந்தம் ஆனது. யூனிட் 7 ரூபாய் 1 காசு. 25 வருஷத்துக்கு விலை மாறாது. இரண்டே வருஷத்தில், 2017-ல், தமிழ்நாட்டு டெண்டரிலேயே சோலார் விலை 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்!

கோடிகளைப் போட்டவருக்கு 25 வருஷ உறுதி. லட்சம் போடும் சிறு வியாபாரிக்கு, அடுத்த உத்தரவில் என்ன வருமோ என்ற பயம்.

வாரியத்தின் வாதம்

மின்வாரியம் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சூரியன் மறைந்ததும் எல்லோரும் அதே கம்பத்துக்குத்தான் வர வேண்டும். கம்பி, டிரான்ஸ்பார்மர், லைன்மேன் சம்பளம் எல்லாம் செலவு. அதிக ரேட் கட்டும் கடைகள் கழன்றுகொண்டால், வாரியத்தின் கடன் இன்னும் ஏறும்.

ஆனால் அந்தச் சுமையைச் சின்ன கடைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது என்ன நீதி? கம்பிக்கு ஆகும் செலவை வெளிப்படையாகச் சொல்லி, அளவான கட்டணம் வாங்கட்டும். சின்ன கடைகளுக்கும் வீட்டைப் போலவே யூனிட்டுக்கு யூனிட் கழிக்கட்டும். போட்ட விதியைப் பத்து வருஷமாவது மாற்றாமல் இருக்கட்டும்.

வெயிலுக்கு வீடு, கடை என்ற பேதம் கிடையாது. மீட்டருக்கு மட்டும் எதற்கு?